18 லட்சத்துக்கு முன்னால் காஸ்டிங் ஷீட்டைப் பாருங்கள்

திருப்பூரில் பனியன் தையல் ஜாப் ஒர்க் எடுக்கும் குடும்பம். பையன் பி.காம். முடித்து ஒரு வருடமாக அப்பாவுக்குக் காஸ்டிங் ஷீட், அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு செலவு என்று பிரித்துப் பார்க்கும் கணக்கு, போட்டுக் கொடுக்கிறான். அதிலேயே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பானாம். "கம்பெனி நடத்தறவனுக்குத் தொலைநோக்கு வேணும், அதுக்கு எம்.பி.ஏ.தான்" என்று தாய்மாமன் பெங்களூரில் 18 லட்ச ரூபாய்க்கு சீட் பேசிவிட்டார். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை; என்ன செய்வது என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அந்த சீட் வேண்டாம். 10.5% வட்டியில் 7 வருடக் கடன் என்றால் மாதத் தவணை 30,000-ஐத் தாண்டும். வீட்டுப் பத்திரத்தை அதற்காக வங்கியில் வைக்காதீர்கள்.

தொலைநோக்கு என்று மாமா சொல்வது, எந்த ஆர்டரை எடுப்பது, எதை விடுவது என்று கணக்கோடு முடிவெடுப்பதுதான். பீஸ் ரேட் கூலி, நூல், கரண்ட் போக ஒரு டி-ஷர்ட்டில் 7 ரூபாய் நிற்கிறது, காலர் வைத்த போலோவில் 14 ரூபாய் என்று வையுங்கள். போலோதான் லாபம் என்று தோன்றும். ஆனால் டி-ஷர்ட்டுக்கு 5 நிமிடத் தையல், போலோவுக்கு 12. மெஷின் எல்லாம் ஓடும் சீசனில் ஒரு மணி நேரத்துக்கு டி-ஷர்ட் 84 ரூபாய் தரும், போலோ 70தான் தரும். மெஷின் சும்மா கிடக்கும் மாதத்தில் இந்தக் கணக்கு மாறும், அப்போது போலோவையும் எடுக்கலாம்.

இதையே பாடமாகச் சொல்லித் தரும் படிப்பு சி.எம்.ஏ., அதாவது காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டன்ட். பழைய ஆட்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்பார்கள். பட்டதாரிக்கு ஃபவுண்டேஷன் தேவையில்லை, நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதில் 8 தாள், ஃபைனலில் 8 தாள், நடுவே 15 மாதப் பயிற்சி. ஃபைனலில் 'ஸ்ட்ராடஜிக் காஸ்ட் மேனேஜ்மென்ட்' தனித் தாளாகவே இருக்கிறது. இரண்டு கட்டத்துக்கும் பதிவுக் கட்டணம் ஏறக்குறைய 50,000. தேர்வுக் கட்டணமும் கோச்சிங்கும் தனி.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு தாள் ஒரு குரூப். தாளுக்கு 40, குரூப்புக்கு மொத்தம் 50 சதவீதம் வேண்டும். எல்லாத் தாளிலும் 42 எடுத்தவன் இந்த இரண்டாவது கணக்கில்தான் விழுகிறான். அவசரப்பட்டு இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுத வைக்காதீர்கள். பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. என்ட்ரி மட்டும் போட வைக்கும் ஆபீஸ் வேண்டாம். நூலிலிருந்து பேக்கிங் வரை செலவு பிரிக்கும் மில்லோ எக்ஸ்போர்ட் கம்பெனியோ பாருங்கள்.

கூடவே ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். பெரிய முடிவு எடுக்கும் அன்றே தேதி, எதை நம்பி எடுத்தோம், எது நடந்தால் தப்பாகிவிடும் என்று மூன்று வரி. மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் நடந்ததை எழுத வேண்டும். பின்னால் ஞாபகத்திலிருந்து எழுதினால் "அப்பவே நெனச்சேன்" என்று மனசு மாற்றிவிடும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்கள் வீட்டுக்காரருக்கு மறந்திருக்காது. 'சாயம் நின்றால் என்ன செய்வோம்?' என்பது அந்த நோட்டின் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

ஜூலை 31-க்குள் சி.எம்.ஏ.வுக்குப் பதிந்தால் டிசம்பர் தேர்வு எழுதலாம். பெங்களூருக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.