1901-ல மிச்சிகன் காலேஜ் டீம் ஒரு பாயிண்ட் கூட விட்டுக்கொடுக்கலைன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தாங்க. நம்ம ஊரு ஃபுட்பால் இல்ல, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். கோச் ஃபீல்டிங் யோஸ்டுக்கு அங்க அதுதான் முதல் வருஷம். 11 மேட்ச், அடிச்சது 550 பாயிண்ட், வாங்கினது முட்டை. பஃபலோ டீமை மட்டும் 128-0ன்னு துவைச்சு எடுத்துட்டாங்க, அதுவும் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோறது) 5 பாயிண்ட்தான் இருந்த காலம், பந்தை முன்னாடி தூக்கி எறியவும் ரூல்ஸ்ல இடமில்ல, எல்லாமே ஓடி முட்டி மோதி எடுத்தது. கடைசி மேட்ச் 1902 ஜனவரி 1, ரோஸ் பவுல்ங்கிற புத்தாண்டு காலேஜ் மேட்ச் முதல் தடவையா நடந்தது, எதிர்ல ஸ்டான்ஃபோர்டு. 49-0 ஆனப்போ இன்னும் 8 நிமிஷம் பாக்கி, போதும்ப்பான்னு அவங்களே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. இதுல கூத்து என்னன்னா, 1900-ல அந்த ஸ்டான்ஃபோர்டுக்கே யோஸ்ட்தான் கோச்!