மாமரத்தில் பிளாசம், சுவரில் எஃப்ளோரசன்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் எங்கள் மாந்தோப்பைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். 'மேங்கோ ஃபிளவர்' என்று அவள் எழுதியதை டீச்சர் சிவப்பு மையில் அடித்து 'மேங்கோ பிளாசம்' என்று மாற்றியிருக்கிறார். அகராதியில் 'புளூம்' என்று இன்னொன்றும் இருக்கிறது. மூன்றுக்கும் பூ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதுதான் சரி?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மகள் எழுதியது தப்பே இல்லை, அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஃபிளவர் எல்லாப் பூவுக்கும் பொதுச்சொல். ஆனால் தோப்பைப் பற்றி எழுதும்போது டீச்சர் போட்ட சொல் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பிளாசம் என்றால் மரத்திலோ செடியிலோ பூக்கிற பூ, முக்கியமாகப் பழமரத்துப் பூ. ஆப்பிள் பிளாசம், ஆரஞ்சு பிளாசம் என்பார்கள். செர்ரி பிளாசம் உங்களுக்கே தெரியும், ஷூ பாலிஷ் டப்பாவில் படித்திருப்பீர்கள். இன்னொரு நுட்பமும் உண்டு: ஒரு மரத்தில் பூத்திருக்கிற அத்தனை பூவையும் சேர்த்து ஒருமையிலேயே பிளாசம் என்று சொல்லலாம். மாமரத்துக்கு இது எவ்வளவு தோதான சொல் என்று பாருங்கள். தை மாதம் உங்கள் தோப்பில் ஒரு கொத்தை வளைத்துப் பிடித்துப் பார்த்தால், நுனியில் இளஞ்சிவப்பு ஓடிய காம்பில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக நூற்றுக்கணக்கில் பூ இருக்கும், அதில் ஆண்பூவும் இருபால்பூவும் கலந்திருக்கும், அவ்வளவு பூவில் கடைசிவரை நின்று காயாவது ஒன்றோ இரண்டோதான், பல கொத்துகளில் அதுவும் இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் தனிப் பூவைப் பேசுவதில்லை, 'மரம் பூ எடுத்திருக்கு', 'பனியில பூ கொட்டிப்போச்சு' என்று மொத்தமாகவே பேசுகிறார்கள். 'பூ எடுத்திருக்கு' என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் 'த மேங்கோ ட்ரீஸ் ஆர் இன் பிளாசம்' என்று மகளை எழுதச் சொல்லுங்கள், அருமையான வாக்கியம்.

அப்புறம் புளூம். இதில் காய், பழம் என்ற எண்ணம் இல்லை, பூ விரிந்து முழு அழகோடு நிற்கிற நிலைதான் கணக்கு. ரோஜா, செவ்வந்தி மாதிரி பூவுக்காகவே வளர்க்கிற செடிகளுக்கு இது பொருந்தும். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் வளர்கிற ரோஜாவை வெளியூருக்கு அனுப்ப மொட்டிலேயே வெட்டிவிடுகிறார்கள், ஆகவே பெட்டியில் போவது 'பட்'. வாங்கியவர் வீட்டு ஜாடியில் அது விரிந்த பிறகுதான் 'இன் புளூம்'. திராட்சைத் தோல்மேல் மெல்லிய வெண்படலம் இருக்கிறதே, பழம் தானே சுரக்கிற மெழுகு, அதற்கும் புளூம் என்றுதான் பெயர்.

தமிழில் காய்க்கிற பூ, காய்க்காத பூ என்று பெயரைப் பிரிப்பதில்லை. நாம் பூவின் பருவத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறோம்: அரும்பு, மொட்டு, போது, மலர், உதிர்ந்தால் வீ. ஒரு பூவைத் தினமும் போய் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை என்றே எனக்குத் தோன்றும். இதையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், பள்ளியில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: பெயின்ட் வாளியில் 'எஃப்ளோரசன்ஸ்' என்று போட்டிருக்கிறது. பெயின்டர் அதற்குப் பூத்தல் என்று அர்த்தம் சொல்கிறார். சுவரில் என்ன பூ?
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: பெயின்டர் சரியாகத்தான் சொன்னார். லத்தீனில் பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, 'வெளியே பூப்பது' என்று பொருள். நாமும் 'சுவத்துல உப்பு பூத்திருக்கு' என்றுதானே சொல்கிறோம்! இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பூ என்றே நினைத்திருக்கிறார்கள், எனக்கு இது பெரிய சந்தோஷம். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, தண்ணீர் காய்ந்ததும் உப்பு மேலே தங்கிவிடுகிறது. இதன்மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள், சுவர் நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே இறங்கும், அப்புறம் மறுபடியும் பூக்கும்.