மாத்திரை போட்டால் வருகிறது, போடாவிட்டால் இல்லை

கேள்வி: எனக்கு வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 13 வயதில் பெரியவளானேன். காலேஜ் முடிக்கும்வரை மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக 45 நாள், 50 நாள் என்று தள்ளிப்போகிறது. ஒருமுறை மூன்று மாதம் வரவே இல்லை. மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை போட்டேன், வந்துவிட்டது. இதுவரை மூன்று தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். கடைசியாக 70 நாள் கழித்துத் தானாகவே வந்தது, ஆனால் ஒன்பது நாள் நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போனது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். எடை 68 கிலோ, உயரம் 155 செ.மீ. தாடையில் நாலைந்து முடி முளைக்கிறது. வாயுத் தொல்லைக்குத் தினமும் காலையில் ஒரு கேப்சூல் போடுவேன், வேறு மருந்து எதுவும் இல்லை. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. பின்னால் குழந்தை பிறக்காதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்:

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்குத் தானாகவே கரு தங்கும், சிலருக்குக் கருமுட்டை வெளிவர உதவும் மாத்திரை தேவைப்படும். எனவே அந்தக் கவலையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எனக்குக் கவலை தருவது மெடிக்கலில் வாங்கிய அந்த ஐந்து நாள் மாத்திரைதான்.

'மாத்திரை போட்டேன் டாக்டர், வந்துடுச்சு' என்று சொல்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வந்தது என்ன என்று தெரிந்தால் அந்த நிம்மதி கொஞ்சம் குறையும்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்கிறது. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் சுரந்து கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்கவைக்கும். முட்டை வெளியான பிறகு, அது இருந்த இடத்திலிருந்து புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும். வளர்ந்த சவ்வைக் கட்டுக்குள் வைப்பது இதன் வேலை. கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய 14 நாளில் புரோஜெஸ்ட்ரோன் இறங்கிவிடும், சவ்வு கழன்று வரும். மாதவிடாய் என்பது அதுதான். இந்தக் கடைசி இரண்டு வாரம் அதிகமாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 45, 50 என்று இழுப்பதெல்லாம் முட்டை முதிர்வதில் ஏற்படும் தாமதம். சில மாதங்களில் அது வெளியாவதே இல்லை.

வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் கிடையாது. சவ்வு பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் தாங்காமல் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பிய்ந்து உதிரும். 70 நாள் கழித்து வந்து ஒன்பது நாள் நிற்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மெடிக்கலில் உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக நாரெதிஸ்டிரோன், புரோஜெஸ்ட்ரோன்போல வேலை செய்யும் மருந்து. கோயில் விசேஷம், வீட்டில் கல்யாணம் என்றால் தேதியைத் தள்ளிப்போட வாங்குவார்களே, அதே மாத்திரை. தள்ளிப்போடவும் அது, வரவழைக்கவும் அது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். போடும்வரை சவ்வைப் பிடித்துவைத்திருக்கும், நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். சினைப்பை கொடுக்காததை மாத்திரை கொடுத்தது, நிறுத்தியதும் ரத்தம் வந்தது. கருமுட்டை ஏன் வெளியாகவில்லை என்ற கேள்வி மட்டும் தொடாமல் அப்படியே கிடக்கிறது. இரண்டு வருடமாக.

மாத்திரை கெட்டது என்று சொல்லவரவில்லை. 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் நாங்களே இந்த வகை மருந்தை எழுதுவோம். சவ்வு நீண்ட காலம் உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், அதைத் தடுக்கத்தான். ஆனால் எழுதுவதற்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்வோம். ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்போம். கவுன்ட்டரில் நிற்பவர் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்.

இனி நாள் கணக்கு. போன மாதம் 5-ம் தேதி வந்தால் இந்த மாதமும் 5-ம் தேதி வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. ரத்தம் பட்ட முதல் நாளை ஒன்று என்று வைத்து, அடுத்த தடவை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள்வரை எண்ண வேண்டும். உங்கள் வயதில் அது 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் இருந்தால் போதும். இந்த மாதம் 27, அடுத்த மாதம் 32 என்பது ஒழுங்கற்ற மாதவிடாய் அல்ல. பரீட்சை, காய்ச்சல், ராத்திரி ஷிப்ட், அவசரக் கருத்தடை மாத்திரை என எதனாலாவது ஒரு தடவை மட்டும் தள்ளிப்போனாலும் பதற வேண்டியதில்லை. வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தால் பார்த்தே ஆகவேண்டும். உங்கள் கணக்கை வைத்துப் பார்த்தால் மாத்திரையால் வந்ததைக் கழித்துவிட்டால் ஆறோ ஏழோதான் மிஞ்சும்போலத் தெரிகிறது.

நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். அது கட்டியே இல்லை. முதிராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள், அறுத்து எடுக்க அதில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவுகட்டவும் கூடாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதலுக்கான அறிகுறி அல்லது ரத்தத்தில் அதன் அளவு கூடுதல், ஸ்கேன், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கூடவே, இதே மாதிரி வேஷம் போடும் மற்ற நோய்கள் இல்லை என்றும் ஆகவேண்டும். உங்களுக்குத் தாடையில் முடி, தள்ளிப்போகும் மாதவிடாய், ஸ்கேன் மூன்றும் சேர்ந்து அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. இருந்தாலும் தைராய்டைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, காலையில் போடும் கேஸ் கேப்சூல், எனக்கு அதில்தான் கண் போனது. நம் ஊரில் வெறும் வயிற்றில் போடச் சொல்லும் கேப்சூல்கள் பலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டொம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் சேர்ந்திருக்கும். டொம்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அது. அது ஏறினால் கருமுட்டை வெளியாவது தடைபடலாம், மார்பில் பால்போலக் கசியவும் செய்யலாம். மனநலத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இப்படிச் செய்யும் (ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது). உங்கள் கேப்சூல் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். டொம்பெரிடோன் இருந்து, டாக்டர் எழுதித்தராமல் நீங்களாக வாங்குவதென்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்திச் சில நாள் கழித்து புரோலாக்டின் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் வரும் எண் நம்மைத் திசைதிருப்பிவிடும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடுவதால் வந்த வாயுவாக இருந்தால், அதற்கு மருந்து இட்லிதான்.

கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் சர்க்கரை, ஹீமோகுளோபின். இவ்வளவு போதும். கர்ப்பப் பரிசோதனை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், நாள் தள்ளிப்போன எல்லோருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். ஒன்பது நாள் போயிருப்பதால் ஹீமோகுளோபினை விட்டுவிடாதீர்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அசதியாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருபவர்கள் பலருக்கு மூலகாரணம் மாதவிடாயில்தான் இருக்கிறது.

உங்கள் எடையில் 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ. அது குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளியாகத் தொடங்கிவிடும். சோற்றை விடச் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, காயையும் பருப்பையும் முட்டையையும் கூட்டினால் போதும். தினமும் அரை மணி நேரம் வியர்க்க நடக்க வேண்டும். இதற்கு மேல் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையா, ஹார்மோன் மாத்திரையா என்பதை ரிப்போர்ட் வந்தபின் உங்கள் டாக்டர் சொல்வார். எள்ளுருண்டை, உளுந்தங்களி சாப்பிடலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக, நல்ல சாப்பாடு. ஆனால் கருமுட்டையை வெளியே கொண்டுவரும் என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், தாலி கட்டினால் ஹார்மோன் மாறாது. கல்யாணத்துக்குப் பிறகு சரியானதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் கர்ப்பத்தடை மாத்திரையாலோ கர்ப்பத்தாலோ வந்த மாற்றம். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. எனக்குத்தான் ஒழுங்காக வருவதில்லையே, கர்ப்பம் தரிக்காது என்று தைரியமாக இருந்துவிட்டுத் திண்டாடியவர்கள் இருக்கிறார்கள். எந்த மாதம் முட்டை வெளியாகும் என்று யாருக்கும் தெரியாது.

சில அறிகுறிகளுக்கு அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலியோடு ரத்தம் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடைசியாகச் சொன்னது கருக்குழாயில் கரு தங்கியதாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலும், உடலுறவுக்குப் பிறகும் ரத்தம் படுவதை அந்த வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.

வீட்டில் தங்கை இருந்தால், பெரியவளாகி முதல் ஒரு வருடம் முன்பின்னாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடத்துக்கு 45 நாள்வரை போகலாம். 15 வயது முடிந்தும் பெரியவளாகவில்லை என்றால் காட்ட வேண்டும். அம்மா வயதில் இருப்பவர்களுக்கு, ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது.

திருமணமாகாத பெண்கள் மகப்பேறு மருத்துவரிடம் வரத் தயங்குவது உள்பரிசோதனையை நினைத்துத்தான். உங்களுக்கு அது தேவைப்படாது. தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றின்மேல் எடுக்கும் ஸ்கேன் போதும். போகும்போது கடந்த ஒரு வருடத்தில் ஆரம்பித்த தேதி, நின்ற தேதி, எது மாத்திரையால் வந்தது என்று நினைவிருக்கும்வரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், அந்த ஐந்து நாள் மாத்திரையின் அட்டை, அப்படியே கேஸ் கேப்சூலின் அட்டையும் கைப்பையில் இருக்கட்டும்.