ஆரோகண சங்கீதமும் அரைமணி நேர நடையும்

வாசகியின் கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் இரத்தச் சீனி 148 என்று வந்தது. மறுமுறையும் 140ஐத் தாண்டியதால் மெட்ஃபோர்மின் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பர் 31 ஆராதனையிலும், வேதத்தை முழுவதும் வாசிப்பேன், தினமும் நடப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறேன். வேதத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வருவதற்குள் இரண்டும் நின்றுவிடுகின்றன. நடக்கப் போனால் காலை ஜெபம் தவறுகிறது. வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். சீனிக்குக் கிளிக்ளசைட் எடுக்கும் அம்மாவும் என்னோடு உபவாசம் இருக்கிறார். மருந்தை நம்புவது அவிசுவாசம் என்று சபையில் ஒருவர் சொன்னது மனதை உறுத்துகிறது. நான் எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா இந்த வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்க வேண்டாம். கிளிக்ளசைட் என்பது, சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. அதை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, முழங்காலில் நிற்கும்போதே மயங்கி விழ இடமுண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதும் சரியல்ல. அவர் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வரட்டும். எப்போதாவது நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கும் உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டே உபவாசத்தைத் தொடருங்கள்.

மருந்து அவிசுவாசம் என்று சொன்னவருக்கு எசேக்கியா ராஜாவின் கதையைக் காட்டுங்கள். சாகும் வியாதியில் அவன் அழுது ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாக வாக்கும் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தான் (2 இராஜாக்கள் 20). ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பற்றுப் போடப்பட்டது என்பதை அந்த அதிகாரம் எந்தச் சங்கடமுமின்றிச் சொல்லுகிறது. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையைக் கைவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்.

அடுத்தது உங்கள் சாப்பாடு. மலையகத்தில் உங்கள் தலைமுறைக்கு நேர்ந்திருப்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: அம்மாவின் சாப்பாடு உங்களிடம் இருக்கிறது, அம்மாவின் நடை இல்லை. விடிகாலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்வரை மலையேறி இறங்கிய உடம்புக்கு, கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் சீனி போட்ட பிளேன்டீயும் எரிபொருளாக இருந்தன. பஸ்ஸில் போய், வகுப்பறையில் நின்று, மாலையில் கொப்பி திருத்த உட்காரும் உடம்பில் அதே சாப்பாடு தங்கிவிடுகிறது. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து பிளேன்டீ குடித்தால் சீனி மட்டுமே ஏறத்தாழ 40 கிராம் ஆகிறது. உலக சுகாதார அமைப்போ 25 கிராமுக்குள் நிற்பதே நல்லது என்கிறது. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ரொட்டியை ஒன்றாகக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா எல்லாம் விளைகிற நுவரெலியா மாவட்டத்தில், காய்கறி லொறியேறி வெளியூருக்குப் போக, நம் தட்டில் சோறும் உருளைக்கிழங்குமே மிஞ்சுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற காட்சி. உருளைக்கிழங்கைக் காய்கறியாக எண்ணாமல் சோற்றோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இனி நடையும் ஜெபமும். “சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சோம்பலுக்குச் சாட்சியாக எடுப்பவர்கள் உண்டு. தேவபக்தியோடு ஒப்பிட்டு அதன் அளவைச் சொன்னாரே தவிர, பிரயோஜனம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. உங்கள் தீர்மானங்கள் உடைவதற்குக் காரணம் பக்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவை அளவுக்கு மீறிப் பெரியவை. வேதத்தின் 1189 அதிகாரங்களை ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். தவணைப் பரீட்சைத் தாள்கள் குவியும் வாரத்தில் அது நடக்காது. ஆகவே இந்த வருடம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு மலையேறிப் போனவர்கள் வழியில் பாடியவை என்று கருதப்படுபவை அவை. பெரும்பாலும் சிறியவை, 131, 133, 134 ஆகியவற்றில் மூன்று மூன்று வசனங்கள்தான். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மனப்பாடம் செய்தால் முப்பது வாரத்தில் முடியும்.

அவற்றை நடந்துகொண்டே சொல்லுங்கள். நடை மிதமான வேகத்தில் இருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் சொல்லும் அடையாளம், மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பதே. “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்று ஏற்றத்தில் சொல்ல முடிந்து, ஒரு கீர்த்தனையை இழுத்துப் பாட முடியாமற்போனால் வேகம் சரி. வாரத்துக்கு 150 நிமிடம் போதும். அரைமணி வீதம் ஐந்து நாள். சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும், இரத்தச் சீனிக்கும் அது நல்லது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் பாதையை நம்பாதீர்கள். பாடசாலை விறாந்தையிலோ சபை மண்டபத்திலோ நடக்கலாம் என்று இப்போதே முடிவுசெய்து வையுங்கள். ஆனால் மௌனமாக உட்கார்ந்து ஜெபிக்கும் பத்து நிமிடத்தை நடைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு பசிக்கானவை. ஹப்புத்தளைக்கு அருகே அடிசம் மடத்தில் வாழும் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மரபில் ஜெபத்துக்கும் கைவேலைக்கும் தனித்தனி நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. மனநிலை எப்படியிருந்தாலும் மணி அடித்தால் எழுந்து போகும் அந்த ஒழுங்கு நமக்கும் உதவும்.

தூக்கத்தைக் குறைத்து முழு இரவு ஜெபங்களை அடுக்காதீர்கள்; தூக்கக் குறைவு இன்சுலின் வேலைசெய்வதைக் கெடுக்கும். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியை, கர்த்தருடைய தூதன் இரண்டு தரம் தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ஓரேப் மலையிலே கர்த்தருடைய மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

சபையில் உங்களைப் போல் சீனியுள்ள இன்னொரு சகோதரியாவது நிச்சயம் இருப்பார். அவரோடு சேர்ந்து நடங்கள். 35 வயதைக் கடந்து இன்னும் பரிசோதிக்காதவர்களை அரசாங்க வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு அனுப்புங்கள். இரத்தச் சீனியையும் பிரஷரையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். மூன்று மாதம் கழித்து, அந்த மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். அதுவரை ஒவ்வோர் இரவும் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிடுமுன், அம்மாவின் பாதங்களையும் உங்கள் பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்குவரை பாருங்கள். அட்டை கடித்த தழும்பில் சிவப்போ வீக்கமோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள்.