சட்டம் கேளுங்கள்: கட்சிக்காரருக்காக வக்கீல் சத்தியம் செய்யலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா சொத்தில் பாகம் கேட்டு அக்கா போட்ட வழக்கில், நான் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டியாக (ஒருதலைப்பட்சமாக) முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது யாருக்கு எவ்வளவு பாகம் என்ற தீர்ப்பு, ஆகிவிட்டது. பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பாகத்தைப் பிரித்துத் தரக் கேட்கும் இறுதித் தீர்ப்பாணை மனுவில் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். என் வக்கீல், "நீங்க வரவே வேண்டாம், நானே அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போட்டுடறேன்" என்று தன் பெயரில் டைப் செய்த நகலை அனுப்பியிருக்கிறார். இது செல்லுமா? - வாசகர், சிங்கப்பூர்

பதில்: நகலைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: "மேற்படி பிரதிவாதி மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு வைத்தியம் செய்துகொண்டு படுத்த படுக்கையாக இருந்தார் என்பதை நான் நேரில் அறிவேன்." இந்த வரியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்காக மனுவுக்கு மனு வந்துகொண்டிருக்கும் வரி இது. நீங்கள் அப்போது சிங்கப்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். அக்கா தரப்பில் ஒரு எதிர் மனு போட்டு, உங்கள் பாஸ்போர்ட்டைத் தாக்கல் செய்யச் சொன்னால் அன்றைக்கே மனு விழுந்துவிடும். பொய் சொன்னவர் என்ற பெயர் அசல் வழக்கு முடிகிற வரை உங்களைத் துரத்தும்.

எனக்கு வருத்தமே, உண்மையான காரணம் அந்தப் பொய்யைவிடப் பலமாக இருப்பதுதான். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை ரத்து செய்ய 30 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். ஆனால் சம்மன் முறைப்படி சார்வு ஆகாதபோது (உங்களிடம் சேர்ப்பிக்கப்படாதபோது), தீர்ப்பாணை பற்றி உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் கணக்கு. காலவரையறைச் சட்டத்தின் 123-வது இனம் இதைச் சொல்கிறது. ஆள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய கதவில் ஒட்டியது முறையான சார்வா என்று நீங்கள் நியாயமாகவே கேட்கலாம். வழக்கு நடப்பது வேறு வழியில் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அக்கா நிரூபித்தால் மட்டும் சிக்கல். அதனால் 'எப்போது, யார் மூலம் தெரிந்தது' என்பதே இந்த மனுவின் உயிர். அதை உங்களைத் தவிர யார் சத்தியம் செய்து சொல்ல முடியும்?

சரி, வக்கீல் போட்டாலே செல்லாதா? அப்படி ஒரேயடியாகத் தடை இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 19, ரூல் 3 என்ன சொல்கிறது என்றால், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தன் சொந்த அறிவில் நிரூபிக்கக்கூடியதை மட்டும்தான் சொல்ல வேண்டும். வழக்குக்கு இடையே போடும் இடைக்கால மனுக்களில் 'நம்புகிறேன்' என்று சொல்லலாம், ஆனால் நம்புவதற்கான ஆதாரத்தையும் சொல்லியாக வேண்டும். கேட்டறிந்த தகவல் என்றால் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1952-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வக்கீல் நேர்மையாக எழுதினால், "என் கட்சிக்காரர் தொலைபேசியில் சொன்னதை நம்பிச் சொல்கிறேன்" என்றுதான் எழுத முடியும். அதற்கு நீதிபதி எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்? 'நேரில் அறிவேன்' என்று எழுதினாலோ, அவரே சாட்சி ஆகிவிடுகிறார்.

நீங்கள் விமானம் ஏறி வரவும் தேவையில்லை. சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், தூதரக அதிகாரி முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திடுங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. எடுத்துப் போகும் பத்திரத்தில் நோட்டீஸ் கைக்கு வந்த தேதி, அதை ஊரில் வாங்கியவர் யார், நீங்கள் சிங்கப்பூர் போன தேதி மூன்றும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கதவில் ஒட்டியதைப் பார்த்திருந்தால், அவர் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தரலாம். பாதுகாப்புக்கு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். அப்புறம், மாமனாருக்கு பவர் கொடுத்து அவரைப் போட வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைப் பற்றி பவர் ஏஜென்ட் சாட்சி சொல்ல முடியாது என்று ஜான்கி போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: நான் ஜூனியர் வக்கீல். கட்சிக்காரர் வர முடியாத நாட்களில் "அபிடவிட்டை நீயே போட்டுடு" என்று சீனியர் சொல்கிறார். மறுக்கவும் முடியவில்லை. எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது? - வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்பதே எனக்குப் பெரிய நிம்மதி அம்மா. உங்கள் கையில் நடந்ததற்குப் போடுங்கள். வாய்தா தேதியைத் தவறாகக் குறித்துக்கொண்டது ஆபீஸ் டைரி என்றால், வழக்குக் கட்டு வேறு கோர்ட் கட்டுகளோடு கலந்துபோனது என்றால், குறையைச் சரிசெய்யச் சொல்லி கோர்ட் ரிட்டர்ன் செய்த மனுவைத் திரும்பப் போடத் தாமதமானது என்றால், அதைச் சொல்ல வேண்டியவரே வக்கீல்தான். அங்கே கட்சிக்காரரைக் கையெழுத்துப் போட வைப்பதுதான் தப்பு. நம் ஆபீசில் கட்டு எங்கே கிடந்தது என்று மன்னார்குடியில் இருக்கும் விவசாயிக்கு எப்படித் தெரியும்?

வக்கீல் தன் தவறைத் தன் பெயரிலேயே சத்தியம் செய்து ஒப்புக்கொண்டால் கட்சிக்காரர் பிழைப்பார். 1981-ல் ரஃபீக் வழக்கில், வக்கீல் வராததற்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-ல் நம் தமிழ்நாட்டு வழக்கொன்றில், வக்கீல் தகவல் சொல்லாமல் விட்டதால் ஆன 883 நாள் தாமதத்தையே மன்னித்தது. நீதிமன்றம் இவ்வளவு இரக்கம் காட்டும் இடத்தில் நாம் காமாலைக் கதை எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வழக்கின் சாரத்தைத் தொடும் எதற்கும் போடாதீர்கள். பணம் கொடுத்தார், சொத்து அவர் அனுபவத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் என்பவை எல்லாம் கட்சிக்காரரின் வாயிலிருந்து வர வேண்டியவை. முக்கியமான விஷயத்தில் தான் சாட்சியாக நேரும் என்று தெரிந்தால் அந்த வழக்கை ஏற்கக் கூடாது, நடுவில் தெரிந்தாலும் கட்சிக்காரருக்குக் கெடுதல் வராமல் விலக முடிந்தால் விலகிவிட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கூண்டில் ஏறினால், கட்சிக்காரர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியங்களை நோக்கித்தான் குறுக்கு விசாரணை நகரும். பொய் என்று நிரூபணமானால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அது சீனியருக்கு வராது, கையெழுத்துப் போட்ட உங்களுக்கு வரும்.

சீனியரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "சார், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதித் தருகிறேன், மீதிக்குக் கட்சிக்காரரை வரச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்சிக்காரரின் பத்திரத்தில் 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று சான்றொப்பம் இடும் வேலை வந்தாலும் அவரை நேரில் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். ஆள் வராமலே அப்படிச் சான்றொப்பம் இட்ட ஒரு வக்கீலை, தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

கேள்வி: எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலே பிரமாணப் பத்திரம் போட்டிருக்கிறார். அவரைக் கூண்டில் ஏற்ற முடியுமா? - வாசகர், கரூர்

பதில்: முதலில் எதிர் மனுவில், எந்தெந்தப் பத்தி அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க முடியாதது என்று பத்தி எண்ணோடு எழுதுங்கள். பல மனுக்கள் அதிலேயே ஆட்டம் கண்டுவிடும். முக்கியமான விஷயம் ஒன்றை அவர் தானே பார்த்ததாகச் சொல்லியிருந்தால், ஆர்டர் 19, ரூல் 2-ன் கீழ் குறுக்கு விசாரணைக்கு அழைக்கக் கோரலாம். அனுமதிப்பது நீதிபதியின் விருப்பம். ஆனால் அவரை வழக்கிலிருந்து கழற்றிவிடும் நோக்கத்தில் சாட்சிப் பட்டியலில் பெயர் சேர்க்காதீர்கள். கர்நாடகத்திலிருந்து போன வழக்கொன்றில், காரணம் எதுவும் காட்டாமல் எதிர்த்தரப்பு வக்கீலைச் சாட்சியாகச் சேர்த்ததை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை ஏன் விசாரிக்க வேண்டும், எந்தப் பத்திக்காக என்று உங்கள் மனுவிலேயே காரணம் எழுதிக் கேளுங்கள்.