உள்தாழ்ப்பாள் வைத்துத் தைத்த வீடு

அம்மா, மகளை என்ன படிக்கவைப்பது என்று கேட்க நீங்கள் அவளோடு என்னிடம் வந்தபோது கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் பொறியியல் கல்லூரி விண்ணப்பங்கள். மற்றொன்றில் அவள் தைத்த வீடு. பாட்டியின் சுங்குடிச் சேலையை வெட்டி, பஞ்சடைத்து, முழ உயரத்தில் செய்திருந்தாள். ஒரே அறைக்குத்தான் கதவு, தாழ்ப்பாள் உட்புறம். "இதை வைத்துக்கொண்டு எப்படி சார் பிழைப்பாள்?" என்றீர்கள். கவலைப்படாதீர்கள் என்று தொடங்கினேன். கல்லூரி நன்கொடைக்காக உங்கள் வீட்டை அடமானம் வைக்கப்போவதாக நீங்கள் சொன்னதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

வைக்காதீர்கள். கணினிப் பொறியியல் வேண்டாமென்று அவள் என் முன்னாலேயே மூன்று முறை சொன்னாள். அதைத்தான் படிக்க வேண்டுமென்று அவள் சித்தப்பா சொல்கிறார் என்கிறீர்கள். கடனைக் கட்டப்போவது அவரல்ல.

அவள் செய்தது மென்சிற்பம்: துணி, கயிறு போன்ற மென்மையான பொருள்களில் செய்யும் சிற்பம். 'வெறும் தையல்' என்று வீட்டுக்குள் ஒதுக்கப்பட்ட வேலையைக் கொண்டே தங்கள் உடலையும் வீட்டையும் அச்சத்தையும் சிற்பமாக்கிய பெண்கள் இருக்கிறார்கள். பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர்கள். அவர் தம் முதுமையில் சேர்த்துவைத்த உடைகளையே வெட்டி உருவங்கள் தைத்தார். பரோடாவில் படித்த இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டு ஆளுயரச் சிற்பங்கள் எழுப்பினார். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியைப் போய்ப் பாருங்கள். 1850இல் தொடங்கியது. நான்காண்டு இளங்கலைப் படிப்பு. சிற்பத்துக்கும் துணி வடிவமைப்புக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. எதில் சேர்வது என்பதை அங்கே மாணவர்களின் வேலையை நேரில் பார்த்து அவளே முடிவு செய்யட்டும். மதிப்பெண் மட்டும் போதாது, கையும் பேச வேண்டும். அதனால் இன்றிலிருந்து தினமும் எதையாவது பார்த்து வரையட்டும்: அடுக்களைப் பாத்திரம், கொடியில் காயும் துணி, தூங்கும் தம்பி. களிமண்ணிலும் பழகட்டும். தைத்ததை நான்கு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தத் துணி, ஏன் அந்தத் துணி என்று இரண்டு வரி எழுதிவைக்கட்டும்.

முதல் மாதமே சம்பளம் என்று நான் வாக்குத் தரமாட்டேன். மேடை அலங்காரம், பொம்மை வடிவமைப்பு, அருங்காட்சியகத் துணிப் பாதுகாப்பு, ஆசிரியப் பணி என வழிகள் உண்டு. சிலவற்றுக்கு மேற்படிப்பு வேண்டும். விடுதிச் செலவையும் பொருட்செலவையும் இப்போதே கணக்கிடுங்கள்.

அந்தத் தாழ்ப்பாள் உங்களைக் குற்றம் சொல்கிறதென்று கலங்கினீர்கள். ஏன் வைத்தாள் என்று அவளிடமே கேளுங்கள்; குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளாமல் மேசைமேல் வையுங்கள். படமெடுக்க வேண்டும்.