மூன்று டிஸ்க், மூன்று கேசட்

அன்புள்ள ஐயா,

மாடி அறையில் புரொஜக்டரும் ரிசீவரும் 5.1 ஸ்பீக்கரும் போட்டாயிற்று. 4கே ப்ளூரே பிளேயர்தான் பாக்கி. சோனி எக்ஸ்800எம்2 வாங்கவா, பானசோனிக் யூபி820 வாங்கவா? விலை கூடிய பிளேயரில் ஒலி விரிந்து கேட்கும் என்கிறார் நண்பர். கையில் மூன்று டிஸ்க்தான் இருக்கிறது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவரோடு பார்க்கத்தான் இவ்வளவும்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த நண்பர். டிஸ்கிலுள்ள ஒலி எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெறும் எண்களாகத்தான் போகிறது. அதை ஒலியாக்குவது உங்கள் ரிசீவர். இருபதாயிரம் ரூபாய் பிளேயரும் லட்ச ரூபாய் பிளேயரும் அனுப்புவது அதே பூஜ்யம், அதே ஒன்று. அனலாக் வயரில் போனால் வேறு கதை. உங்களுக்கு அது இல்லை. பூஜ்யத்தை எப்படி ஐயா விரிப்பது? படித்தவர்தானே நீங்கள்? அடுத்து அவர் தங்கமுலாம் பூசிய கேபிள் வாங்கச் சொல்வார். வாங்கினால் எனக்கு எழுத வேண்டாம்.

படம் அப்படியில்லை. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் டிஸ்கை 1000, 4000 நிட்ஸ் வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டுத் தயாரிக்கிறார்கள். வீட்டுப் புரொஜக்டர் திரையில் பெரும்பாலும் 100 நிட்ஸே தேறாது. வெளிச்சத்தைப் பக்குவமாகச் சுருக்க வேண்டும். 820 அதை நன்றாகச் செய்யும். அதையே வாங்குங்கள். ஒரு நாட்டு டிஸ்கை இன்னொரு நாட்டுப் பிளேயரில் ஓடவிடாத ரீஜன் கோடு பற்றிக் கவலை வேண்டாம், 4கே டிஸ்கில் அது கிடையாது. தள்ளிப்போடவும் வேண்டாம், இவை என்றைக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது; ஓப்போ கம்பெனி 2018லேயே பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டது.

மூன்று டிஸ்க் என்று எழுதியிருந்தீர்கள். சில நாளாக எனக்கும் அந்த மூன்றுதான் ஞாபகம். எண்பதுகளில் எங்கள் தெருவில் டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, வாடகைக்கு எடுப்போம். ஒரு ராத்திரிக்கு டிவி, டெக், மூன்று கேசட். காசு கொடுத்தாயிற்று, மூன்றையும் பார்த்தே தீர வேண்டும். இரண்டாவது படத்தில் பாதித் தெரு தூங்கிவிடும். மூன்றாவதற்கு அப்பாவும் நானும் மட்டும். தேய்ந்த கேசட், டெக்குக்குள் அதைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கை அப்பிவிடும், திரை முழுக்கப் புள்ளி பறக்கும். அப்பா சட்டைப்பையிலிருந்து மடிக்காத புது இரண்டு ரூபாய் நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைப்பார். அதற்கென்றே வைத்திருந்த நோட்டு, பீடிக்குக்கூட மாற்றமாட்டார். முகம் தெரிய ஆரம்பித்ததும், "இப்ப பாருடா" என்பார்.

நிட்ஸ், ஸ்பீக்கர் எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லையே. இன்றைக்கே கேளுங்கள். அது பழைய டிவிடியாகத்தான் கிடைக்கும் என்றாலும் சரி, 820 அதையும் ஓட்டும்.